துபாயில் வீடு, மயிலாப்பூரில் வரி!

சனி, ஞாயிறு வந்தால் போதும், சென்னை நட்சத்திர ஓட்டல்களில் துபாய் வீடு விற்கிறார்கள். வழவழ தாளில் கடல் தெரியும் பால்கனி, குளுகுளு அறை, டை கட்டிய இளைஞர், இலவச காபி. எல்லாம் பேசி முடித்துவிட்டு, அந்தத் தம்பி கடைசியாக ஒரு அஸ்திரத்தை எடுத்து விடுவார்: "வாடகைக்கு வரியே கிடையாது சார்!"

கிடையாதுதான். துபாயில் தனிநபரின் வாடகை வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால், நீங்கள் குடியிருப்பது துபாயில் இல்லையே... மயிலாப்பூரில் அல்லவா?

வழக்கமாக இந்தியாவில் வசிப்பவர் உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும், அது இங்கே கணக்கில் வரும். வருமான வரிச் சட்டத்தின் அரிச்சுவடி இது. அதைச் சொல்லாமல் வீடு விற்பதற்குப் பெயர் வியாபாரத் தந்திரமா? என் அகராதியில் ஏமாற்று வேலை!

பேப்பரும் பேனாவும் எடுங்கள். இரண்டு கோடி ரூபாய்க்கு ஃப்ளாட், வருடத்துக்கு 15 லட்சம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஏழரை சதவிகிதம்! கேட்கவே இனிக்கும். இதில் கட்டடப் பராமரிப்புக்கு இரண்டரை லட்சம் போகிறது என்று வையுங்கள். நம் சட்டம் அந்தப் பராமரிப்பு பில்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மொத்த வாடகையில் 30 சதவிகிதத்தைப் பொதுக் கழிவாகத் தரும், அவ்வளவுதான். மீதி பத்தரை லட்சத்துக்கு வரி. நீங்கள் 30 சதவிகித ஸ்லாபில் இருந்தால், செஸ் சேர்த்து 3,27,600 ரூபாய். கடைசியில் கையில் நிற்பது ஒன்பதே கால் லட்சத்துக்கும் குறைவு. ஏழரை என்றது நாலரைச் சொச்சத்தில் வந்து நிற்கிறது!

போட்ட முதலும் வெறும் இரண்டு கோடி இல்லை. துபாய் நிலத் துறைக்குப் பதிவுக் கட்டணம் 4 சதவிகிதம், அதாவது எட்டு லட்சம். இங்கிருந்து பணம் அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்கு வங்கி 20 சதவிகிதம் வரி வசூலித்து வைக்கும். இரண்டு கோடிக்கு 38 லட்சம்! பின்னால் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், அதுவரை அந்த 38 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? வழவழ தாளில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. கடலே முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளுமே!

"இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கே சார்..." என்று அடுத்த அஸ்திரம் வரும். இதற்கு ஒரு சுவாரஸ்யமான சரித்திரம் உண்டு. மலேசியாவின் ஈப்போவில் சொத்து வைத்திருந்த குழந்தகன் செட்டியார் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அங்குள்ள ரப்பர் தோட்ட வருமானத்துக்கும் சொத்து விற்ற லாபத்துக்கும் இந்தியா வரி கேட்க முடியாது என்று 2004-ல் தீர்ப்பு. செட்டியார் ஜெயித்தார். அரசு சும்மா இருக்குமா? 2008 ஆகஸ்டில் ஓர் அறிவிக்கை போட்டது. ஒப்பந்தத்தில் 'வரி விதிக்கப்படலாம்' என்று இருந்தால், இந்தியாவில் வசிப்பவரின் மொத்த வருமானத்திலும் அது சேரும். அங்கே கட்டிய வரியை மட்டும் இங்கே கழித்துக்கொள்ளலாம் என்றது. சிங்கப்பூர் வீட்டுக்கு அங்கே 24 சதவிகிதம் கட்டினால், இங்கே அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டுவீர்கள். துபாயில் ஒன்றுமே கட்டவில்லை என்றால் எதைக் கழிப்பது? பூஜ்யத்தையா?

"யாருக்கு சார் தெரியப்போகுது?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமீரகம் 2018 முதல் வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு விவரங்களைப் பிற நாடுகளோடு பகிர்ந்துவருகிறது. வாடகை விழுகிற கணக்கு அதில் சிக்கும். 2024 நவம்பரில் வருமான வரித் துறை எஸ்.எம்.எஸ். தட்டிவிட்ட பிறகு, 24,678 பேர் தங்கள் கணக்கைத் திருத்தினார்கள். எல்லோரும் திடீரென்று ஞானோதயம் பெற்றவர்களா என்ன?

சரி, விற்பவரைத் திட்டியாயிற்று. இப்போது அரசாங்கத்தின் முறை.

2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டம், வெளிநாட்டுச் சொத்தைக் கணக்குப் படிவத்தில் காட்டாவிட்டால் 10 லட்சம் அபராதம் போடலாம் என்கிறது. வேண்டுமென்றே மறைத்தால் ஆறு மாதம் முதல் ஏழு வருடம்வரை ஜெயில். பதுக்கல் பேர்வழிகளுக்குத் தேவையான சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால், வளைகுடாவில் இருபது வருடம் வெயிலில் வெந்து, வங்கி வழியாக ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவரும் இதே வலையில்தான் மாட்டுகிறார். அவர் பதுக்கியது கறுப்புப் பணமா, வியர்வையா?

2024 அக்டோபர் முதல் சின்ன சொத்துக்காரர்களுக்குச் சலுகை வந்தது. 20 லட்சம்வரை உள்ள வெளிநாட்டு ஷேர், வங்கி இருப்பு போன்றவற்றைக் காட்ட மறந்தால் அந்தப் பத்து லட்சம் இல்லை. ஆனால் 'அசையாச் சொத்து நீங்கலாக' என்று ஒரு வால்! ஷேர் வாங்கியவர் மறக்கலாம், வீடு வாங்கியவர் மறக்கக் கூடாதா? வீட்டை யாராவது சட்டைப் பையில் ஒளிக்க முடியுமா?

ஒழுங்காக நடந்தால் சேமிக்கவும் வழி இருக்கிறது. பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு, முதல் இரண்டு மூன்று வருடம் ஒரு தனி அந்தஸ்து கிடைக்கலாம். அந்தக் காலத்தில் அங்கேயே வாங்கிக்கொள்ளும் அங்கத்திய வாடகைக்கு இங்கே வரி இல்லை. விற்பதா, வைத்திருப்பதா என்று அப்போதே முடிவெடுங்கள். பின்னால் விற்றாலும், நீண்ட கால லாபத்தை இந்தியாவில் உரிய காலத்துக்குள் வீடு வாங்கப் போட்டால் வரி விலக்கு கேட்கலாம். அங்கே வரி கட்டியவர்கள், அதைக் கழிக்கத் தனிப் படிவம் உண்டு என்பதை மறக்காதீர்கள். வரியே வராவிட்டாலும் வீட்டைக் கணக்கில் காட்டுங்கள். படிவத்தில் ஒரு வரிக்குச் சோம்பல்பட்டு பத்து லட்சத்தை இழக்காதீர்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் ரிஸ்க் பற்றி மூச்சு விடாமல் ஒப்பிக்கச் சொல்கிறது சட்டம். இங்கே விற்கப்படும் வெளிநாட்டு வீட்டின் விளம்பரத்திலும் 'இந்த வாடகைக்கு இந்தியாவில் வரி உண்டு' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லட்டும். வங்கி வழியாக வந்த பணத்தில் வாங்கிய சின்ன வீடுகளுக்கும் அந்த 20 லட்சம் சலுகையை நீட்டட்டும்.

அதுவரை, இலவச காபியைக் குடியுங்கள். செக் புத்தகத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!