டொக்குன்னு சத்தம் கேட்டா கியர் பாக்ஸை இறக்கணுமா?



சரக்கு வண்டியில கியர் மாத்தி கிளட்ச்சை விடும்போது அடியில 'டொக்'குன்னு சத்தம் வந்தா, நம்ம பக்கத்துல பல பட்டறைகள்ல ஒரே பதில்தான்: "கியர் பாக்ஸ் போச்சு அண்ணாச்சி, இறக்கிப் பாத்துரணும்." வண்டிக்கு அடியில குனிஞ்சுகூடப் பாக்காம சொல்லுத பதில் இது. விவசாயி மடியில கை வைக்குத வேலைன்னு நான் பச்சையாவே சொல்லுதேன்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாத் தெரியலாம். 2005-ல டாடா ஏஸ் வந்துச்சு. சனங்க 'குட்டி யானை'ன்னு பேரு வச்சாங்க. 2011-ல அசோக் லேலண்ட் தோஸ்த் வந்துச்சு. தாமிரபரணிப் பாசனத்துல மாட்டு வண்டி நின்ன இடத்துல இப்ப இந்த வண்டிகள்தான் நிக்குது. களக்காட்டு ஏத்தன் தாரும் சேரன்மகாதேவிப் பக்கத்து வாழையிலையும் இதுலதான் சந்தைக்குப் போகுது. வெட்டின தாரு பட்டறைக்காரரு கை ஓயுத வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது. வண்டி நாலு நாள் மேடையில கிடந்தா, ஒண்ணு வாடகை வண்டிக்கு அழணும், இல்லன்னா வயல்லயே வந்த விலைக்குத் தள்ளணும். கியர் பாக்ஸ் செலவு இதுக்கு மேல.

சத்தம் எங்க இருந்து வருதுன்னு பாப்போம். இந்த வண்டிகள்ல எஞ்சின் முன்னால, ஓடுத சக்கரம் பின்னால. நடுவுல நீளமா ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட். அதோட முனைகள்ல 'ஜாயின்ட் கிராஸ்' இருக்கும். கூட்டல் குறி மாதிரி நாலு கை, ஒவ்வொரு கையிலயும் ஒரு கப், கப்புக்குள்ள ஊசி ஊசியா பேரிங். ரோடு மேடு பள்ளமா இருந்தாலும் ஷாஃப்ட் மடங்கிச் சுத்துறது இதனாலதான். கிரீஸ் வத்திப்போனா ஊசி துருப்பிடிச்சுப் பொடியாயிரும், கப்புக்குள்ள ஆட்டம் விழும். கியர் மாத்தி கிளட்ச்சை விடும்போது எஞ்சினோட இழுவை திரும்ப வந்து சேரும். அந்த நேரம் ஆட்டம் முழுக்க ஒரே பக்கம் போய் முட்டுது. நீங்க கேக்குத டொக்கு அதுதான்.

அதனால முதல்ல கேக்க வேண்டியது, சத்தம் எப்ப வருதுன்னு. கிளட்ச்சை மிதிச்சு லீவரைத் தள்ளும்போதே 'கர்ர்'னு வந்தா கிளட்ச் சரியா விடலைன்னு சந்தேகப்படுங்க. கிளட்ச்சை விடும்போது 'டொக்'குன்னா ஷாஃப்ட் பக்கம் பாருங்க.

சோதிக்கக் காசு வேண்டாம். சமதரையில வண்டியை நிறுத்துங்க. எல்லாச் சக்கரத்துக்கும் ரெண்டு பக்கமும் கல்லு கொடுங்க. எஞ்சினை அணைச்சு, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஷாஃப்ட்டைக் கையால பிடிச்சு முன்னும் பின்னும் திருகிப் பாருங்க. கிராஸுக்கு இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் சும்மா நின்னா, கிராஸ் போச்சு. கப்பு ஓரத்துல செம்மண் நிறத்துல பொடி ஒட்டியிருந்தா அதுவும் அதுக்குச் சாட்சி. கிராஸ் கெட்டியா இருந்தா அடுத்து ஷாஃப்ட் உள்ள போய் வெளிய வருத பல் பகுதி, ரெண்டு துண்டு ஷாஃப்ட்டுன்னா நடுவுல சென்டர் பேரிங், பட்டையை அச்சோட கட்டுத யூ போல்ட், எஞ்சின் மவுண்டிங் ரப்பர். இவ்வளவும் பாத்த பிறகு கிரவுன் பினியன். அங்க கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதைக் காட்டிப் பயமுறுத்த விடாதீங்க.

கியர் பாக்ஸே கெடாதுன்னு நான் சொல்ல வரல. ஓட்டத்துல கியர் தானா கழண்டு வந்தாலோ, நியூட்ரல்ல இரைச்சல் வந்து கிளட்ச்சை மிதிச்சதும் நின்னுபோனாலோ, ஆயில்ல இரும்புத்தூள் கிடந்தாலோ தாராளமா இறக்குங்க. அதுக்கெல்லாம் காரணம் காட்ட முடியும். வெறும் டொக்கை வச்சு இறக்கச் சொல்லுதவன் என்ன காரணம் காட்டுவான்?

"ஓவர் லோடு ஏத்துதீங்க, அதான்"னு சொல்லுவாங்க. சரி, முக்கால் டன் வண்டியில ஒன்றரை டன் ஏத்துதவங்க உண்டு, தப்புதான். ஆனா பாரம் கூடினா அடி வாங்குறதுல முதல் ஆளு கிராஸ்தானே? அப்ப அதை முதல்ல பாக்க வேண்டியதுதானே?

எங்க பக்கம் தண்ணியும் ஒரு காரணம். கால்வாய்க் கரையிலயும் தொளி வயல்லயும் போகுத வண்டி இது. 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டுச்சு, நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டமும் மிதந்துச்சு. அப்படி வெள்ளத்துல நின்ன வண்டிக்கு கிராஸ் கிரீஸும் பின் அச்சு ஆயிலும் உடனே மாத்தணும். ஆயில் பால் காபி நிறத்துல வந்தா தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். முந்தி மாட்டு வண்டிக்காரரு பாரம் ஏத்துறதுக்கு முன்னால அச்சுக்கு மை போடாம கிளம்ப மாட்டாரு. இப்ப கிரீஸ் கன்னைத் தேடுதவன் குறைவு. நிப்பிள் இல்லாத கிராஸும் உண்டு, அதுல கிரீஸ் அடிக்க முடியாது, தேஞ்சா மாத்திரணும்.

சத்தத்தைச் சட்டை பண்ணாம ஓட்டுறதும் ஆபத்து. முன்பக்கக் கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட் முனை ரோட்டுல குத்தினா வண்டி என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

பட்டறையில மூணு விஷயம் கேளுங்க. ஆட்டத்தை என் கையாலயே காட்டு. கிராஸ் மட்டும் போனதுக்கு முழு ஷாஃப்ட்டையும் மாத்தாத. கழட்டின பழைய சாமானை என்கிட்ட கொடு. ஷாஃப்ட்டைக் கழட்டும் முன்னால சாக்பீஸால அடையாளம் போடச் சொல்லுங்க. மாத்தி மாட்டினா வண்டி நடுங்கும். நல்ல மெக்கானிக் இதுக்கெல்லாம் கோவிக்க மாட்டாரு. அப்படிப்பட்டவங்களும் இங்க இருக்காங்க, அவங்களைத் தேடிப் போங்க.

அடுத்த தடவை ஊர்ல இருந்து அண்ணனோ மச்சானோ "கியர் பாக்ஸ் போச்சு, முப்பதாயிரம் அனுப்பு"ன்னு போன் பண்ணினா, பணம் போடுறதுக்கு முன்னால "ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தியா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.