யப்பானியப் பாட்டிற்கு ஆங்கிலத் தரகு எதற்கு?

வில்கமுவவிலே கற்பிக்கும் நண்பரொருவர், 'ஹப்பி எண்ட்' என்னும் யப்பானிய றொக் இசைக்குழுவைத் தம் மாணவருக்கு அறிமுகஞ்செய்ய எண்ணியிருப்பதாகக் கூறியபோது நம்மவர் சிலர் நகைத்தனர். "ஆங்கிலமே சரிவர விளங்காத பிள்ளைகளுக்கு யப்பானியப் பாட்டா? முதலில் பீற்றில்ஸைக் கேட்கட்டும், யப்பான் பின்னர் வரட்டும்" என்பது அவர்தம் வாதம். பல்கலைக்கழகத்தார் வாயினின்று பிறந்தமையால் இதனைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, மறுத்தேயாக வேண்டும்.

இவ்வாதம் புதியதுமன்று. 1970, 1971ஆம் ஆண்டுகளில் யப்பானிலேயே இது பெரும் பூசலாக மூண்டது. றொக் இசையின் தாளக்கட்டுக்கு யப்பானிய மொழி இசைந்துவராது, உலகம் செவிசாய்க்க வேண்டுமாயின் ஆங்கிலத்திலேயே பாடவேண்டும் என்ற கட்சிக்கு முன்னின்றவர் யூயா உச்சிடா. அவர் வெறும் வாய்ச்சொல் வீரரல்லர். அவர் உருவாக்கிய 'ஃபிளவர் ட்ராவெலிங் பாண்ட்' 1971இல் வெளியிட்ட 'சட்டோரி' இன்றும் கேட்கத்தக்கதே. எதிர்க்கட்சியில் நின்றோர் ஹப்பி எண்ட் குழுவினர் நால்வர்: ஹருஓமி ஹொசோனோ, எய்ச்சி ஓத்தாக்கி, ஷிகெரு சுசுக்கி, தக்காஷி மட்சுமோட்டோ. 1969இல் ஒன்றுகூடி 1972இன் இறுதியிற் பிரிந்த இவர்கள், தாய்மொழியிலேயே பாடினர். மேளம் வாசித்த மட்சுமோட்டோவே பாடல்களுட் பெரும்பாலானவற்றை இயற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது; சொல்லும் தாளமும் ஒரே கையிற் பிறந்தன.

1971 நவம்பரில் வெளிவந்த 'கஸெமாச்சி ரோமன்' என்னும் இசைத்தட்டே அப்பூசலுக்கு விடையாயிற்று. 'கஸெமாச்சி' என்றால் காற்றின் நகர். தேசப்படத்தில் அப்படியோர் ஊர் இல்லை. டோக்கியோவின் அஒயாமா, ஷிபுயா, அசபு ஆகிய பகுதிகளைச் சூழ்ந்த தம் பிள்ளைப்பருவ நகருக்கு மட்சுமோட்டோ இட்ட பெயர் அது. 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டிற்காக வீதிகள் அகலமாக்கப்பட்டபோது அந்நகர் உருத்தெரியாமற் போயிற்று. வீதியில் ஓடிய டிராம் வண்டிகளும் 1967 தொடக்கம் 1972 வரையிலான காலத்தில் ஒரு தடம் நீங்கலாக நிறுத்தப்பட்டன. 'கஸெ ஓ அட்சுமெத்தெ' என்ற பாட்டில், விடியற்காலையில் அத்தகைய டிராம் ஒன்று கடலைக் கடந்து செல்லக் காண்கிறான் ஒருவன். அழிந்த நகரொன்றின் ஆவியைக் காண்பவனின் பாட்டு அது.

இப்பாட்டு வில்கமுவவுக்கு அந்நியமா? அயற்பிரதேசமாகிய லக்கல – பல்லேகமவிற் பழைய ஊரே களு கங்கை நீர்த்தேக்கத்தினுள் அமிழ்ந்தது. மக்களுக்குப் புதிய ஊர் வகுத்துக் கொடுக்கப்பட்டது. நீரின் கீழ் வீதியொன்று கிடக்கிறது என்பதை அறிந்த பிள்ளைக்குக் கஸெமாச்சியை விளக்க ஆங்கிலம் தேவையில்லை. லிவர்ப்பூல் நகரை அல்லவோ முதலில் விளக்கவேண்டும்!

தரகர் செய்யும் கேட்டிற்கு வரலாறு சான்று பகரும். கியூ சக்கமோட்டோ பாடிய, கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடப்பவனின் பாட்டு, 1963இல் யப்பானிய மொழியிலேயே அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. ஆயின் அதற்கு மேலைநாட்டு வணிகர் சூட்டிய பெயர் 'சுக்கியாக்கி'. அது ஓர் இறைச்சிக் கறியின் பெயர்! சோகப் பாட்டொன்றைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவைத்ததே அவர்கள் செய்த அறிமுகம். உச்சிடாவின் வாதத்துக்கும் காலமே பதிலிறுத்தது. 2003இல் 'லொஸ்ட் இன் ட்ரான்ஸ்லேஷன்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் வழியே புதிய செவிகளை எட்டியது, முன்னர்க் கூறிய அந்த யப்பானிய மொழிப் பாட்டேயாகும்.

நம்மிடையேயும் உதாரணம் உண்டு. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' சிங்களப் பாட்டு. அது பாக்குநீரிணையைத் தாண்டித் தமிழகத் திரைப்படம்வரை சென்றது. அதற்கு ஆடிய தமிழருள் எத்தனை பேர் சிங்களம் கற்றுவிட்டு ஆடினர்? நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்று தமிழிற் பாடியபோது முகஞ்சுளித்தோரும் உண்டு. பொப்பிசை என்றால் ஆங்கிலம் என்ற அதே எண்ணம் அச்சுளிப்பிலும் இருந்தது.

ஆதலின் நண்பருக்கு நான் சொல்வது இதுவே. வரலாற்றுரை வேண்டாம்; பீற்றில்ஸோடு ஒப்பீடும் வேண்டாம். 'கஸெ ஓ அட்சுமெத்தெ'யை முதலில் இருமுறை கேட்பியுங்கள். பின்னர்ப் பொருளை மூலமறிந்தோர் துணைகொண்டு நேரே சிங்களத்திலும் தமிழிலும் சொல்லுங்கள். அடுத்து 'நட்சு நான்தெசு': நாட்டுப்புறத்து வயல்வரம்பும் கோடைப்பகலின் சோம்பலுமே அதன் பொருள்; கொழும்பு மாணவருக்குத்தான் அதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். லொஸ் ஏஞ்சல்ஸிற் பதிவாகி 1973இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டு, பிள்ளைகளே கேட்டு வரும்வரை காத்திருக்கலாம்.