பேறுகாலமும் பிறமொழியும்

கடல்வழிப் பயணம் மகளிரோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு வரையறை செய்திருக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் அந்த நூற்பாவை நடத்துகிறோம். பொருள் தேடிக் கடல் கடப்பவன் தலைவன், இல்லத்தில் ஆற்றியிருப்பவள் தலைவி என்பது பாடல் மரபு. அதை வாழ்க்கையின் விதியாகக் கொள்ள வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். வரலாறு அந்த மரபைப் பொருட்படுத்தியதும் இல்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பலில் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் இருந்தனர். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதே வழியே போனவர்களுள் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அத்தகைய கப்பல்களில் கருவுற்ற பெண்களும் பயணம் செய்தனர். நடுக்கடலில் குழந்தைகள் பிறந்தன. நம் இலக்கிய வரலாற்று நூல்களில் அந்தப் பேறுகாலங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டதாக நினைவில்லை.

இப்போதைய கதைக்கு வருவோம். பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கமும் சிறுசேரியும் கணினி நிறுவனங்களால் நிறைந்த பிறகு, நம்மிடம் படித்த பெண்களில் பலர் அந்நிறுவனங்களில் வேலை செய்யும் மாப்பிள்ளைகளுக்கு வாழ்க்கைப்பட்டுக் கடல் கடக்கிறார்கள். திருமணமான ஆறேழு மாதத்தில் கணவனுக்கு இங்கிலாந்தில் பணி அமையும். அவன் முன்னே போவான். விசா வரும்போது இவளுக்கு நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆகியிருக்கும். தாய்வீட்டிலேயே இருந்து பெற்றுக்கொண்டு போகலாமே என்பாள் அம்மா. பிரிந்திருக்க வேண்டாம் என்பார்கள் மற்றவர்கள். இருபத்தெட்டு வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும், முப்பத்தாறு வாரத்துக்குப் பின் பெரும்பாலும் ஏற்றிக்கொள்ளா என்பதால் முடிவை விரைந்து எடுத்தாக வேண்டும். ஏழாம் மாத வளைகாப்பை ஐந்திலேயே நடத்தி அனுப்பிவைக்கிறோம். சடங்கு தேதி மாறுவதில் நமக்கு வருத்தமில்லை. வளைகாப்புக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு மாறிப்போவதுதான் கவலை தருகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது வெறும் செல்லம் அன்று. தன் மொழியில் தன் உடம்பைப் பற்றிப் பேசிக்கொள்ள நாலு பெண்கள் சூழ்ந்திருக்கும் இடத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் சாரம்.

இங்கிலாந்தில் செய்ய வேண்டியவை என்னவோ கடினமானவை அல்ல. குடியிருக்கும் பகுதியிலுள்ள ஜி.பி. மருத்துவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு முகவரிச் சான்றோ விசா விவரமோ கட்டாயம் இல்லை. மருத்துவரைப் பார்க்காமல் மகப்பேற்றுப் பிரிவை நேரே அணுகவும் வழி உண்டு. முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். தாமதமாக வருகிறவர்களுக்கு இயன்றவரை இரண்டு வாரத்துக்குள் சந்திப்புக் கொடுக்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். விசாவோடு ஒவ்வோர் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டும் நலவாழ்வுக் கட்டணம் 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு 1,035 பவுண்டு. அதைக் கட்டியவருக்கு மகப்பேற்றுச் சிகிச்சைக்குத் தனிச் செலவில்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பெறுகிறவர்களுக்குத்தான் வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு பட்டியல் வரும். அப்போதும் பணத்தை முன்னால் கட்டவில்லை என்று பேறுகாலச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. இவ்வளவும் சட்டம். இதைத் தெரியாமல் கட்டணத்துக்கு அஞ்சி ஏழாம் மாதம் வரை மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை நகைப் பெட்டியைவிட முக்கியமானவை. இரத்த வகை, குறிப்பாக அதன் நெகடிவ் பாசிடிவ் விவரம், ஹீமோகுளோபின், சர்க்கரை அளவுகள், தொற்று நோய்ப் பரிசோதனை முடிவுகள், ஊசி போட்ட தேதிகள், ஸ்கேன் அறிக்கைகள், முந்தைய பிரசவம் அறுவையானால் அதன் குறிப்பு. கருவுற்றோர் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்பதை 2007 முதலே நடைமுறையாக்கிய மாநிலம் நம்முடையது. எனவே கேட்டால் கிடைக்கும். நல்வாய்ப்பாக நம் மருத்துவர்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். கையெழுத்து எந்த மொழி என்பதுதான் தெரிவதில்லை. தட்டச்சு செய்து வாங்கிக்கொள்வது உத்தமம்.

ஒரு சிக்கலைத் தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நாம் சொல்லியாக வேண்டும். நாம் மாதக் கணக்குக்காரர்கள். அவர்கள் வாரக் கணக்குக்காரர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து நாற்பது வாரம், அதாவது இருநூற்றெண்பது நாள். இருபத்தெட்டு நாளை ஒரு மாதமாகக் கொண்டால் சரியாகப் பத்து மாதம். நம் பாட்டிமார் 'பத்து மாதம் சுமந்தேன்' என்றது மிகையில்லை என்பது இதனால் புலப்படும். ஆனால் 'எனக்கு எட்டு மாதம்' என்று ஒரு பெண் சொல்லும்போது எட்டு நடக்கிறதா, எட்டு முடிந்ததா? நாட்காட்டி மாதமா, இருபத்தெட்டு நாள் மாதமா? நமக்குள் பேசும்போது இந்த மயக்கம் தீங்கு செய்யாது. குறைமாதமா நிறைமாதமா என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில், ஒரு சொல்லில் நான்கைந்து வாரம் தொலைந்துவிடும். தேதியைச் சொல்லப் பழகுவது நல்லது.

இதைவிடப் பெரியது வலியின் மொழி. குத்துகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, சுளீரென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, பாரமாக இறங்குகிறது என்று நமக்கு எத்தனை வினைகள். ஒவ்வொன்றும் வேறொரு வலி. அனுபவமுள்ள பெண் ஒருத்தி இவற்றில் எந்த வினை வருகிறது என்று கேட்டே சூட்டு வலியா பிரசவ வலியா என்று சொல்லிவிடுவாள். இங்கிலாந்தில் வலி கண்டதும் முதலில் மகப்பேற்றுப் பிரிவுக்குத் தொலைபேச வேண்டும். மறுமுனையில் இருப்பவர் முகம் தெரியாது. அவர் கேட்பதும் விரைவான ஆங்கிலம். முதுகலை வரை ஆங்கிலப் பாடம் எழுதித் தேறிய பெண்கூட அந்த நேரத்தில் 'பெயின், பெயின்' என்பதைத் தாண்டுவதில்லை. நம்மிடம் படித்த ஒருத்தி பின்னாளில் இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்படி முடிந்தது அவளுடைய நற்பேறு. அந்நாட்டில் பேறுகாலத் தாய் இறப்பு பற்றி ஆண்டுதோறும் வரும் ஆய்வறிக்கைகள், வெள்ளையரை நோக்க ஆசியப் பெண்களுக்கு அபாயம் இருமடங்கை ஒட்டியிருப்பதைத் தொடர்ந்து காட்டி வந்திருக்கின்றன. காரணங்கள் பல, மொழி அவற்றுள் ஒன்று என்பதை அவ்வறிக்கைகளே பேசுகின்றன.

கணவன் மொழிபெயர்ப்பான் என்று நம் குடும்பங்கள் நம்பிவிடுகின்றன. நாம் அதை ஏற்கவில்லை. அவன் அன்பில் குறை காண்பதாக எண்ண வேண்டாம். வெட்கத்தால் அவளும் சொல்லாள், தயக்கத்தால் அவனும் கேளான். மூன்று சொற்றொடர் ஒரு 'யெஸ்' ஆகிவிடும். மேலும் முதல் சந்திப்பில் அப்பெண்ணைத் தனியே வைத்து, வீட்டில் அடி உதை உண்டா என்றும் கேட்பது அங்கு வழக்கம். அந்தக் கேள்வியைக் கணவன் வாயால் தமிழாக்கம் செய்தால் என்ன விடை வரும்? இதற்காகவே குடும்பத்தாரைத் தவிர்த்து, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை நேரிலோ தொலைபேசியிலோ அமர்த்த வேண்டும் என்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று முன்கூட்டியே கேட்க வேண்டும், அவ்வளவே. நம் பெண்கள் கேட்பதில்லை. கேட்டால் ஆங்கிலம் தெரியாதவள் என்று எண்ணிவிடுவார்களாம். ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு நாம் கொட்டிக் கொடுத்த பணத்தின் பயன் இந்தக் கூச்சம்.

இன்னொரு மனத்தடையும் உண்டு. அங்கே சிக்கலற்ற கர்ப்பத்தைத் தொடக்கம் முதல் பிரசவம் வரை பார்ப்பவர் மருத்துவச்சி. 'ஒரு தடவைகூட டாக்டர் பார்க்கவில்லையாம்' என்று செங்கல்பட்டில் இருக்கும் அம்மா பதறுகிறார். அந்தப் பதற்றத்தை நாம் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மருத்துவன் என்பதன் பெண்பால்தான் மருத்துவச்சி. அதே சொல் தாழ்ந்து போனது எதனால்? நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்தவர்கள் நாவிதர் குலப் பெண்கள். குழந்தையை வாங்கிய கைகளைத் திண்ணையோடு நிறுத்திய சமூகம் இது. தொழிலைப் பற்றிய இளக்காரம் சாதியிலிருந்து வந்தது, அறிவியலிலிருந்து வரவில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பேறு 99.6 விழுக்காடு. பெருமைதான். அதே ஆய்வில் அறுவைப் பேறு 44.9 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் அந்த அம்மா பதறட்டும்.

ஸ்கேன் முடிந்ததும் ஊரிலிருந்து போகும் முதல் கேள்வியைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்ட விடையை, அங்கே இருபதாம் வாரத்தில் கேட்டால் சொல்லக்கூடும் என்பதை உறவினர் அனைவரும் எப்படியோ அறிந்து வைத்திருக்கிறார்கள். ஜி.பி. பதிவைப் பற்றி அறிந்தவர் ஒருவரும் இல்லை.

நம் மகளுக்கு இலண்டனில் தமிழ் பேசும் குரல் வேண்டும் என்று கேட்கிறவர்கள், செங்கல்பட்டுக்கு வந்து சேரும் பெண்ணின் மொழியைப் பற்றி என்ன சொல்வோம்? இவ்வூர்ப் பெயர் செங்கழுநீர்ப் பூவிலிருந்து வந்தது என்பர். வட்டாரத்துக்கு வந்து உழைப்பவர்களுக்கு அது செங்கல்தான். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து சென்னையைச் சுற்றிய சூளைகளுக்கு ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, மழை ஓய்ந்தபின் வந்து, கோடை முடியும்வரை கல் அறுப்பார்கள். ஐந்தாறு மாதம். நான்காம் மாதக் கர்ப்பத்தோடு வருகிறவளுக்குப் பேறு இங்கேதான். கணவனும் மனைவியும் சேர்ந்தே கணக்கு என்பதால் அவள் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் இருவர் கூலியும் குறையும். பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களைக் கட்ட வந்த பீகார், ஜார்க்கண்ட் பெண்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

நம் அரசு கர்ப்பிணிகளைப் பதிந்து ஓர் எண் தருகிறது. பேறுகால உதவிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்கள் வீடு தேடிப் போய்ப் பதிகிறார்கள். தேசத்துக்கே முன்மாதிரியான ஏற்பாடு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் சூளைக் கொட்டகைக்குப் போகும் அதே செவிலியர், அப்பெண்ணின் கடைசி மாதவிலக்குத் தேதியை எப்படிக் கேட்பார்? ஒரு மருத்துவமனையில் நாம் கண்டது: இந்தி அறிந்த மேஸ்திரியைக் கைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். இரத்தப்போக்கு உண்டா என்ற கேள்வி மேஸ்திரி வழியே போயிற்று. அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தாள். அவளுக்கு முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர் அவர்தான். கணவன் மொழிபெயர்ப்பதே தவறென்றால் இதை என்னவென்பது? அவள் தாய்மொழி ஒடியா என்பதையும் அங்கு எவரும் கேட்கவில்லை. இதில் செவிலியரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அவர் கையில் வேறு கருவி இல்லை.

மருத்துவமனையில் இந்தியும் ஒடியாவும் கேட்கச் சொல்கிறாயா, நீ தமிழாசிரியன்தானா என்று நண்பர் ஒருவர் சினந்தார். 1938இலும் 1965இலும் இம்மண் போராடியது, ஒருவர் மொழி இன்னொருவர் மீது ஏற்றப்படக் கூடாது என்பதற்காக. அறிந்திராத மொழியில் தன் உடம்பைப் பற்றி விடை சொல்லும்படி ஒரு பெண்ணை நிறுத்துவதும் திணிப்பே. இதில் நமக்கு ஐயமில்லை.

கேட்பது பெரிதொன்றும் அன்று. இலண்டனில் தொலைபேசி வழியே செய்வதை இங்கே செய்ய இயலாதா? செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இயங்குகிறது. சூளைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் எவை என்பது மாவட்ட நிருவாகத்துக்குத் தெரியும். ஒடியாவும் இந்தியும் அறிந்த பெண்கள் சிலரை, ஒப்பந்தக்காரரோடு தொடர்பில்லாதவர்களை, ஊதியத்துக்கு அமர்த்தி ஓர் எண்ணில் கிடைக்கச் செய்யலாம். மாதவிலக்குத் தேதி, இரத்தப்போக்கு, தலைவலி, கண் மங்கல், கால் வீக்கம், குழந்தையின் அசைவு என்று இருபது முப்பது கேள்விகளைப் படத்தோடு ஒடியாவில் அச்சிட்டுச் செவிலியர் கையில் கொடுக்கலாம். எழுத்தறியாத பெண்ணுக்கு அவற்றையே குரலாகப் பதிந்து கைபேசியில் ஒலிக்கவிடலாம். அடுத்த சூளைப் பருவம் மழை விட்டதும் தொடங்கிவிடும். அதற்குள் அச்சிட்டுவிட முடியும்.