பழுதுற்ற கைப்பேசியும் பறிபோகும் அமானிதமும்

கைப்பேசி உடைந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதனுள் இருந்தவற்றை எந்தக் கடையில் வாங்குவது? இவ்வாறு கேட்போருக்கு அறிவாளர் சிலர் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கின்றனர்: “நகல் எடுத்து வைக்காதது உம்முடைய குற்றம்.” இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை.

நகல் எடுப்பது நற்பழக்கமே. ஆயின் அதற்குச் செல்லும் வழியில் எத்தனை பூட்டுகள்! படங்களை வரம்பின்றி இலவசமாக வைத்துத் தருவதாகக் கூறி மக்களைப் பழக்கிய கூகுள் நிறுவனம், 2021 ஜூன் முதல் நாளோடு அச்சலுகையை நிறுத்திற்று. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்திலேயே ஆண்ட்ராய்டு கைப்பேசியின் வாட்ஸ்அப் நகலும் அடங்கவேண்டும் என்ற நிலை பின்னர் வந்தது. அந்நகலை மறையீட்டால் பூட்டிவைத்து, கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தவருக்கு அந்நிறுவனமே நினைத்தாலும் திறந்து தர இயலாது. ஈராண்டு தீண்டப்படாத கூகுள் கணக்கு அழிக்கப்படலாம் என்ற விதி வேறு. மறைந்த தந்தையின் கணக்கை யார் நினைவு வைத்துத் தீண்டிக்கொண்டிருப்பார்?

பேரிழப்பு நேர்வது பழுது பார்க்கும் இடத்திலேதான். 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் உருவாக்கிய நகரம் கோயம்புத்தூர். அங்கே பிறந்த பம்புசெட் மோட்டார் பொள்ளாச்சிக் கிணற்றடியில் கருகிப்போனால், அவ்வூர்க் காயில் கட்டும் கடைக்காரர் அதனைப் பிரித்துக் கம்பி சுற்றி மீண்டும் ஓடவைப்பார். செய்தவனிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பொருளை வாங்கியவனுக்கே அதன் உள்ளும் புறமும் உரியவை என்பது கொங்கு நாட்டுத் தொழில் மரபு.

அதே கோவையில், காந்திபுரத்திலும் உக்கடத்திலும் உருப்பெருக்கியின் கீழ்க் கைப்பேசிப் பலகையை வைத்துப் பற்றவைக்கும் இளைஞர்களின் கைத்திறன் குறைந்ததன்று. ஆயினும் அவர்கள் கைகள் கட்டப்பட்டுள்ளன. பழைய பொத்தான் கைப்பேசியில் நினைவகச் சில்லைத் தனியே எடுத்துப் படிக்க முடிந்தது. இன்றைய கைப்பேசியிலோ தகவல் யாவும் மறையீட்டில் உள்ளன. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய கைப்பேசிகளுக்கு இது கட்டாயம். திறவுகோலின் ஒரு பாதி நம் கடவுச்சொல். மறுபாதி செயலிச் சில்லுக்குள் பதிந்துள்ளது. ஆகவே பழைய பலகைக்கே உயிரூட்டினாலன்றித் தகவல் மீளாது.

திருடனிடமிருந்து காக்கும் பூட்டு அது என்பர். மெய்தான், பூட்டை நாம் பழிக்கவில்லை. கடவுச்சொல்லை அறிந்த உரிமையாளன் தன் பலகைக்கு உயிரூட்ட முனையும்போது, மின்சுற்று வரைபடத்தையும் உதிரிச் சில்லையும் மறைத்துவைப்பது எந்தத் திருடனைத் தடுக்க? நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் சென்றாலோ, தகவலுக்குப் பொறுப்பில்லை என்ற தாளில் ஒப்பம் பெறுகிறார்கள்; பலகையை மாற்றுகிறார்கள்; பழையதைப் பெரும்பாலும் தாமே வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்போம். அதனுள் இருந்ததை அழித்துவிட்டு வெறும் கூட்டைத் திருப்பித் தருவதற்கு என்ன பெயர்?

சோமனூர் விசைத்தறிக்காரரின் பாவுநூல் கணக்கும், திருப்பூர்த் தையற்கூடத்தாரின் ஆர்டர்களும் இன்று வாட்ஸ்அப்பிலேயே கிடக்கின்றன. ஒரு பலகை கருகினால் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதே வழக்காகிவிடும். தாயின் குரல் பதிவை இழந்தவர் வழக்கும் தொடுக்க முடியாது.

சட்டம் துணை நிற்கிறதா? 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தகவலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச்செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது காணாமற்போயிற்று! நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது, இணையத்தளமும் திறந்தது. கைப்பேசிகளுக்குப் பழுதுபார்ப்புக் குறியீடு வழங்குவது பற்றி மற்றொரு குழு 2025 மே மாதம் அறிக்கை தந்தது. எத்துணை எளிதில் பிரிக்கலாம், உதிரிப்பாகம் கிடைக்குமா, கருவி கிடைக்குமா, மென்பொருள் எத்தனை காலம் புதுப்பிக்கப்படும் என்றெல்லாம் அதில் அளவுகோல்கள் உண்டு. உடைந்த கருவியிலிருந்து உரிமையாளனின் தகவலை மீட்க முடியுமா என்பதற்கு அவற்றில் இடமில்லை.

அந்த அளவுகோலையும் அதில் சேர்க்கவேண்டும். கழற்றிய பழைய பலகையை உரிமையாளனிடமே ஒப்படைக்கவேண்டும் என்று விதி செய்யவேண்டும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் விட்டுப்போன உரிமையை ஒரு திருத்தத்தின் வாயிலாக மீண்டும் எழுதவேண்டும். இவற்றை முதலில் கேட்கவேண்டியவர்கள் கோவையின் தொழில் அமைப்பினரே; மோட்டார்களுக்கு ஒரு நியாயமும் கைப்பேசிகளுக்கு வேறு நியாயமும் அவர்கள் பேசமாட்டார்கள் என்று நம்புகிறோம்.