கருவாட்டுக்கு ஒரு பாஸ்போர்ட்

போன மாதம் சென்னையில் ஒரு நண்பர் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். சின்னக் கடை. நாலைந்து மேஜை, சுவரில் பழைய சைகோன் தெருவின் கறுப்பு வெள்ளைப் படம். 'பான் மி' என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வியட்நாம் சாண்ட்விச். ஒரு சாண் நீளத்துக்கு ரொட்டி; மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதைப் பிளந்து வறுத்த கோழி, காடியில் ஊறின கேரட், முள்ளங்கி, வெள்ளரிக்காய், கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமாதம்! இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன்.

"இந்த ருசி எங்கேருந்து வருது தெரியுமா? ஃபிஷ் சாஸ்! கோழியை அதுலதான் ஊறப் போடுறாங்க" என்றார் நண்பர், கண்ணை மூடி ரசித்தபடி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்கிறீர்களா? ஃபிஷ் சாஸ் என்பது வேறொன்றுமில்லை. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் அடைத்து, ஒரு வருஷம் போல ஊறவிட்டு, வடித்து எடுக்கிற சாறு. அதே நெத்திலியை அதே உப்பைப் போட்டு வெயிலில் காய வைத்தால் அதன் பெயர் கருவாடு. கண்ணை மூடி ரசித்த இதே நண்பர்தான் தன் அப்பார்ட்மென்ட் அசோசியேஷனின் செக்ரட்டரி. கீழ் வீட்டில் கருவாடு வறுத்தார்கள் என்று பத்து நாள் முன்னால் நோட்டீஸ் ஒட்டியவர்!

நான் ராமநாதபுரத்துக்காரன். கருவாட்டு வாசனையில் வளர்ந்தவன். சென்னைக்கு வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடினபோது புரோக்கர் கேட்ட முதல் கேள்வி, "ராம்நாடா சார்? கருவாடு சமைப்பீங்களா?" நான் "இல்லை" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்றைக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

வியட்நாம்காரர்கள் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. 1859-ல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். கூடவே அவர்களுடைய ரொட்டியும் வந்தது. கோதுமை விளையாத ஊர் அது. முதலில் ரொட்டி துரைமார் சாப்பாடு. 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்து, வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் சைகோனுக்கு வந்து சேர்ந்த காலத்தில்தான் பான் மி இன்றைய வடிவத்துக்கு வந்தது. துரையின் ரொட்டிக்குள் தங்கள் ஊறுகாயையும் மிளகாயையும் திணித்து, தெருவில் போகிறவன் கையில் கொடுத்தார்கள். 1975-க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள் அதைக் கலிஃபோர்னியாவுக்கும் சிட்னிக்கும் கொண்டு போனார்கள். 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. அவர்களுடைய ஃபூ குவோக் தீவின் மீன் சாறுக்கு 2012-ல் ஐரோப்பிய யூனியன் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. நெத்திலிக்கு ராஜ மரியாதை!

'இதெல்லாம் அந்நிய உணவு, நம் பாரம்பரியத்தைக் கெடுக்கிறது' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் குண்டு மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. கீழக்கரை தொதல், மலாய்க்காரர்களின் 'டோடோல்'. கடலோடிகள் கொண்டுவந்தது. வாங்குவதில் தப்பே இல்லை. வாங்கிக்கொண்டு, சொந்தச் சரக்கைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறோமே, அதுதான் தப்பு.

சைவம் சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. வாசனை பிடிக்காதது அவர்கள் உரிமை. என் சண்டை வஞ்சிரம் வறுவலை வெளுத்துக் கட்டிவிட்டு, கருவாடு என்றால் 'உவ்வே' என்கிறவர்களோடு. வஞ்சிரம் வசதியுள்ளவன் மீன். கருவாடு இல்லாதவன் மீன். மூக்கு இங்கே முகர்வது மீனை அல்ல, ஆளை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், பஸ் ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். வீடு கொடுக்க மறுக்கிறவர்களை யார் சஸ்பெண்ட் செய்வது?

'மணலில் காயப் போடுகிறார்கள், ஈ மொய்க்கிறது, சுத்தமில்லையே சார்?' நியாயமான கேள்விதான். ஆனால் பி.காம். படித்தவன் கணக்கு ஒன்று உண்டு. விலை கிடைக்காத சரக்கில் யாரும் முதல் போடமாட்டார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய காயவைக்கும் மேடையும், சூரிய உலர்த்தியும் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உலர்த்திகளை எப்போதோ வடிவமைத்துவிட்டது. சுத்தமான கருவாட்டுக்குக் கூட நாலு காசு கொடுக்க நாம் தயாரா? ஃபிஷ் சாஸ் பாட்டிலுக்குக் கொடுக்கிறோமே!

நெத்திலி மண்டபத்திலும் பாம்பனிலும் கிடைக்கிறது. உப்பு வாலிநோக்கத்தில் அரசாங்கமே விளைவிக்கிறது. வெயிலுக்கு ராமநாதபுரத்தில் என்றைக்குப் பஞ்சம்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கிற அந்த நாட்களில், இருப்பில் உள்ள கருவாடுதான் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. கூடையைச் சுமப்பது பெரும்பாலும் பெண்கள். மூலப்பொருள் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று... மரியாதை.

அடுத்த முறை ராமேஸ்வரம் போனால், தரிசனம் முடித்துத் திரும்பும்போது பாம்பனில் கொஞ்சம் இறங்குங்கள். பேரம் பேசாமல் கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து வைத்தே வறுங்கள்.

நான் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். செக்ரட்டரி நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். ரொட்டிக்குள் வைத்துத் தரப் போகிறேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெயர் சொல்வேன்.