எந்த ஊரில் வாடகை நிலைக்கும்?

திருப்பூரில் லைன் வீட்டைத் தெரியாதவர் இல்லை. நீளமாக ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் கழிப்பறை, முற்றத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. பனியன் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் பிழைக்க வந்தவர்களை நம்பிக் கட்டியவை இவை. கட்டும் செலவு குறைவு, அறைகளோ அதிகம். போட்ட பணத்துக்கு நல்ல வாடகை. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலை போனவர்களில் பலர் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்கு பஸ் ஏறினார்கள்.

கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறி, திருப்பூர் எழுந்து நின்றது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக்கியபோது அதே கவலை திரும்பி வந்தது. உழைக்கும் ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒரு லைன் வீட்டின் வாடகை, கடல் கடந்த கடைகளில் டி-சர்ட் விற்பதைப் பொறுத்தது.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஓர் ஆலை வாசலை நம்பி மாடிமேல் மாடி எழுப்பியவர்களுக்கு இவை பாடம்.

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குகிறவர் முதலில் விசாரிப்பது சதுர அடி விலையை. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று அதற்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் சென்னை பாதுகாப்புதானே என்று தோன்றும். ஐடி, ஆட்டோமொபைல், துறைமுகம், மருத்துவமனை, சினிமா என்று அங்கே பிழைப்புக்குப் பல வழி. சிக்கல் விலையில். ஒரு கணக்குக்கு, 60 லட்சத்துக்கு வாங்கிய அடுக்ககம் மாதம் 16 ஆயிரம் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1.92 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, அப்புறம் சொத்து வரி, பராமரிப்பு, பெயின்ட் என்று கழித்தால் கையில் நிற்பது ஒன்றரை லட்சம். அதாவது இரண்டரை சதவீதம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் வாடகை வட்டிக்கே எட்டாது. ‘விலை ஏறுமே’ என்பார்கள். ஏறலாம். ஆனால் அது விலையேற்றத்தை நம்பிய பந்தயம். வாடகை வருமானம் அல்ல. அதோடு, 2020-இல் ஐடி ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும் ஓஎம்ஆர் பக்கம் டு-லெட் போர்டுகள் பெருகியதையும் மறந்துவிடக் கூடாது.

கோவையிலும் பல தொழில் உண்டு: பம்ப்செட், பஞ்சாலை, வார்ப்படம், மருத்துவமனை, ஐடி. ஆனால் அதை எல்லோரும் கண்டுகொண்டு வெகுநாளாகிவிட்டது. மனை விலையிலேயே அது தெரிகிறது.

பேச்சில் அதிகம் அடிபடாத ஊர் திருச்சி. நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, 1960-களில் வந்த பெல் ஆலை, துப்பாக்கித் தொழிற்சாலை, இன்றைய என்ஐடி என்று இங்கே சம்பளம் வரும் வாசல்கள் பல. நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் உண்டு. புத்தூர், தில்லைநகர் பக்கம் மருத்துவமனைகள். பிள்ளைகள் படிப்புக்காக டெல்டா கிராமங்களிலிருந்து வந்து வீடெடுக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், ஓய்வுக்காலத்துக்கு ஸ்ரீரங்கம் தேடி வருகிறவர்கள் மறுபக்கம். விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. பஞ்சப்பூர் பேருந்து முனையம் 2025-இல்.

இங்கும் அடி விழுந்திருக்கிறது. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பெல்லை நம்பியிருந்த துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பல தள்ளாடின, சில மூடின. அந்தப் பக்கம் மந்தமானபோதும் கல்லூரிகள் நடந்தன. ரயில்வே சம்பளம் போட்டது. மருத்துவமனை வாசல்களில் கூட்டம் குறையவில்லை. நிலைத்த ஊர் என்பதற்கு இதுதான் அடையாளம். 2001-இல் சுமார் ஏழரை லட்சமாக இருந்த மாநகராட்சி மக்கள்தொகை 2011-இல் எட்டரை லட்சத்தை நெருங்கியது. பாய்ச்சல் இல்லை, சரிவும் இல்லை.

ஊருக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். ஒரே அடுக்ககத்தில் பணத்தைப் போட்டால், குடியிருப்பவர் காலி செய்த மாதம் வருமானம் பூஜ்யம். அதே தொகையில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், மொட்டை மாடியில் ஓர் அறை என்று தனி வீடு கிடைக்குமானால், ஒருவர் போனாலும் மற்ற இருவர் வாடகை வரும். நடுத்தர நகரங்களில் இது இன்னும் சாத்தியம். சென்னையில் அரிது.

சட்டமும் முன்பு போல் இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாய்ப்பேச்சில் குடிவைக்கும் பழக்கத்தை வீட்டுக்காரர்கள் விட்டாக வேண்டும்.

கடன் அதிகம் வாங்காமல் ஐம்பது, அறுபது லட்சம் போடக்கூடியவருக்கு, இன்றைய நிலையில் சென்னை அடுக்ககத்தைவிடத் திருச்சியில் இரண்டு மூன்று போர்ஷன் உள்ள பழைய வீடே பொருத்தம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்த பிறகு, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை அந்தத் தெருவுக்கு நேரில் போய் வாருங்கள். 2005 நவம்பரில் கோரையாறும் உய்யக்கொண்டானும் கரை மீறியபோது நகரின் மேற்குப் பகுதி வீடுகள் பலவற்றில் தண்ணீர் புகுந்தது.