ஸ்டேஷனுக்கு வெளியே கொடுங்கள்

காவலர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, பணியில் இறந்தவரின் மனைவிக்கு ஒரு தொகை, தீபாவளிக்கு அரிசி மூட்டை. தொழிலதிபர் ஒருவர் இப்படிக் கொடுத்தால் ஊர் மெச்சுகிறது. "சொந்தக் காசில் நல்லது செய்கிறார், இதில் என்ன குற்றம் கண்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதில். கொடுப்பதில் குற்றமில்லை. எந்த வாசலில் நின்று கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

"அரசு கைவிடுகிறது, நாங்கள்தான் தாங்குகிறோம்" என்பது அவர்களின் முதல் வாதம். 2020 ஆகஸ்டில் வல்லநாடு அருகே ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். அடுத்த சில மாதங்களில் ஏரலில் ஓர் உதவி ஆய்வாளரை வாகனத்தை ஏற்றிக் கொன்றார்கள். இரண்டு குடும்பங்களுக்கும் அரசு தலா 50 லட்சம் ரூபாய் அறிவித்தது. மாரடைப்பிலும் சாலை விபத்திலும் போகிறவர்களின் வீட்டுக்கு அவ்வளவு கவனம் கிடைப்பதில்லை, உண்மைதான். அந்த இடைவெளியை அடைக்கக் காவலர்களே முன்வருகிறார்கள். ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள் 'காக்கி உதவும் கரங்கள்' போன்ற பெயர்களில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, இறந்த தோழரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்குப் பின்னால் எந்த வழக்கும் நிற்காது. தவிர, காவலர் குடும்பத்தின் அன்றாடக் குறை அரிசியில் இல்லை, ஓய்வில் இருக்கிறது. வார விடுப்புக்கு அரசாணை வந்ததே 2021 நவம்பரில்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கும்படி எந்த முதலாளியாலும் செய்ய முடியாது.

"குடும்பத்துக்குத்தானே கொடுக்கிறோம், அதிகாரிக்கா கொடுத்தோம்?" என்பது அடுத்தது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் இந்தப் பிரிவினையை ஏற்பதில்லை. தான் பரிசு வாங்கக் கூடாது, குடும்பத்தாரை வாங்க விடவும் கூடாது என்கின்றன. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டமும் தனக்காகக் கேட்டாலும் பிறருக்காகக் கேட்டாலும் ஒன்றாகவே பார்க்கிறது. கணவனை இழந்த பெண்ணின் நிலை வேறு. அவருக்குக் கொடுப்பதை நான் மறுக்கவே இல்லை. வேலையில் இருக்கும் ஏட்டையாவின் மகளுக்குக் கட்டும் கல்லூரிக் கட்டணம் ஏட்டையாவுக்குக் கட்டியதுதான்.

"ஒளிவுமறைவு இல்லையே, மேடை போட்டல்லவா கொடுக்கிறோம்!" எனக்குப் பெரிய உறுத்தல் இந்த மேடைதான். மாமூல் இருட்டில் கைமாறும், அது தப்பென்று கொடுப்பவருக்கும் தெரியும். மேடையில் கொடுப்பது மறுநாள் படமாக வருகிறது. கூலி பாக்கிக்காகப் புகார் எழுதிக்கொண்டு வரும் உப்பளத் தொழிலாளி, தன் முதலாளியும் காவல் அதிகாரியும் சேர்ந்து சிரிக்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் படி ஏறுவாரா? சாலைத் தடுப்பில்கூட ஜவுளிக்கடைப் பெயரைப் பார்த்துப் பழகிவிட்டோம். பழகியது என்பதால் சரியாகிவிடாது.

போலீசுக்கு யார் செலவு என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தமும் வ.உ.சி.யின் கைதையொட்டிய கலவரமும் நடந்தபின், வெள்ளைக்கார அரசு தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தண்டப் போலீசை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டியது. நூற்றுப் பத்து ஆண்டு கழித்து, 2018 மே மாதம், ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. பணம் கைமாறியது என்று நான் சொல்லவில்லை. "யாருக்காகச் சுட்டார்கள்?" என்று ஊரே கேட்டது என்கிறேன். அப்படிக் கேட்ட ஊரில், ஆலை முதலாளி ஒருவர் காவலர் குடும்பங்களுக்குக் கொடை கொடுத்தால், அவர் மனம் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அவரே ஒரு விடை எழுதிக் கொடுத்தது போலாகும்.

"விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறோம்" என்கிறார்கள். பெரிய முதலாளிக்கு அது பொருந்தலாம். அவரைக் காட்டி ஸ்டேஷனிலிருந்து சின்னக் கடைக்காரரிடம் நன்கொடைச் சீட்டு வந்தால் கடைக்காரர் மறுப்பாரா? இதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூனில் பிடித்துப் போனார்கள். இருவரும் காவலில் பட்ட அடியோடு அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மாவட்டத்தின் கடைத்தெருவில் 'விருப்பம்' என்று ஒருவர் சொன்னால், அதைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் செய்யவில்லையா என்பவர்களுக்கு: செய்கிறார்கள். நியூயார்க்கில் போலீஸ் அறக்கட்டளை 1971 முதல் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2007இல் டார்கெட் என்ற பெருங்கடை நிறுவனம் அப்படியொரு அறக்கட்டளைக்கு 2 லட்சம் டாலர் கொடுத்தது. அது மக்களைக் கண்காணிக்க உதவும் மென்பொருளுக்குப் போனது, நகர மன்றத்தின் வழக்கமான அலசல் இல்லாமலே. அங்கேயே சர்ச்சையான வழியை இங்கே முன்மாதிரி என்கிறார்கள்.

நம் சட்டமே ஒரு கோடு போட்டிருக்கிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான பட்டியலில் முன்னாள் ராணுவத்தினரும் போர் விதவைகளும் இருக்கிறார்கள். 2020 ஜூனில் மத்திய ஆயுதக் காவல் படைகளின் முன்னாள் வீரர்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் சேர்த்தார்கள். மாநிலப் போலீசைச் சேர்க்கவில்லை. காரணம் அதில் எழுதியில்லை, எனக்குத் தோன்றுவது இது: இங்குள்ள சிப்காட் ஸ்டேஷன், பணம் கொடுத்த கம்பெனி மீதே முதல் தகவல் அறிக்கை போட வேண்டி வரலாம், ஓய்வுபெற்ற வீரர் போட மாட்டார். ஆக, துறைமுகத்தில் காவல் நின்று ஓய்வுபெற்ற சிஐஎஸ்எஃப் வீரரின் மகளைக் கம்பெனி படிக்கவைத்தால் அந்தத் தலைப்பிலேயே கணக்கு எழுதலாம். தென்பாகம் ஸ்டேஷன் ஏட்டையாவின் மகளை அந்தத் தலைப்பில் எழுத முடியாது. அவளுக்கும் உதவத்தான் வேண்டும் என்றால், மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமாக ஒரு கல்வி உதவித்தொகை வைக்கட்டும். தேர்வைக் கல்லூரிக்காரர்கள் செய்யட்டும். மீனவர் மகளோடும் உப்பளத்தார் மகனோடும் அவளும் விண்ணப்பம் போடட்டும்.